கேஸ் ஷீட்டும் காலக்கெடுவும்: மனநல மருத்துவமனையில் ஒருவருக்காகப் பேசுவது எப்படி

மனநல மருத்துவமனையில் ஒருவர் சேர்க்கப்படும்போது இரண்டு இழப்புகள் ஒன்றாக நேர்கின்றன. வாசல் சாவி வேறொருவர் கைக்குப் போகிறது. அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பும் கூடவே இறங்கிவிடுகிறது. இதய நோய்க்காகப் படுத்திருப்பவர் ‘இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்றால் மருத்துவர் மாத்திரையை மாற்றலாமா என்று யோசிப்பார். மனநல வார்டில் அதே பேச்சு நோயின் அறிகுறியாகக் குறித்துவைக்கப்படலாம். ‘அட்டெண்டர் அடித்தார்’, ‘என்னைக் கேட்காமல் ஊசி போட்டார்கள்’ என்ற முறையீடுகளுக்கும் பல நேரம் இதே கதிதான். அடைபட்டவர், நம்பப்படாதவர் என்ற இரண்டு நிலைகளும் ஒருவரிடமே சேர்வதால்தான், வெளியிலிருந்து அவருக்காகப் பேச ஒருவர் தேவைப்படுகிறார். அந்த ஒருவர் தாயாக, தம்பியாக, நண்பராக, வழக்கறிஞராக, தொண்டு நிறுவன ஊழியராக இருக்கலாம். அவர் என்ன செய்ய வேண்டும் என்பதே இந்த அத்தியாயம். இதன் வாதம் ஒன்றுதான்: நல்ல மனமும் நியாயமான கோபமும் வார்டுக்குள் அதிக தூரம் செல்வதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மருத்துவமனைக்குக் கொடுத்திருக்கும் கட்டாய அதிகாரம் ஒவ்வொன்றோடும் எழுதப்பட வேண்டிய ஒரு காரணத்தையும் தாண்டக் கூடாத ஒரு காலக்கெடுவையும் கட்டிவைத்திருக்கிறது. அந்த எழுத்தைக் கேட்பவரும் அந்த நாளை எண்ணுபவருமே நோயாளியின் உரிமையை நடைமுறையில் காப்பாற்றுகிறார்கள்.

தடை மட்டும் போதாது என்பதற்கு ஏர்வாடியே சாட்சி

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாட்டில் அன்று சட்டமே இல்லாமலிருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1912ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த மனநலச் சட்டம் 1987, 1993இலிருந்தே நடைமுறையில் இருந்தது. உரிமம் பெறாமல் மனநோயாளிகளைச் சேர்த்து வைத்திருப்பதற்கு அதில் தடையும் இருந்தது. இல்லாமல் போனது வேறு. இந்த மனிதரை ஏன் கட்டினீர்கள், எத்தனை மணிக்குக் கட்டினீர்கள், யார் அனுமதித்தார்கள் என்று கேட்க எவரும் உள்ளே வரவில்லை. அதற்குப் பதில் எழுதிவைக்க வேண்டிய நிர்ப்பந்தமும் எவருக்கும் இருக்கவில்லை. கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில் சங்கிலி வழக்கமாகிவிட்டது.

உச்ச நீதிமன்றம் ஏர்வாடி வழக்கைத் தானாகவே கையிலெடுத்து மாநிலங்களுக்கு உத்தரவுகள் இட்டது. 2017 சட்டத்தின் பிரிவு 95, மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று நேரடியாகவே சொன்னது. அப்படியிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் பதாயூனில் ஒரு வழிபாட்டிடத்தில் சங்கிலியில் கிடந்தவர்களைப் பற்றி 2019இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பேச வேண்டியிருந்தது. இந்தச் சிக்கல் வழிபாட்டிடங்களோடு நிற்பதுமில்லை. 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம், நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு அரசு மனநல மருத்துவமனைகளை ஆராய்ந்து, சிறையின் சாயல் அவற்றில் இன்னும் மறையவில்லை என்று காட்டியது. 2023 ஜனவரியில் அதே ஆணையம் குவாலியர், ஆக்ரா, ராஞ்சி மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு, குணமானவர்களையும் வெளியே அனுப்பாமல் வைத்திருப்பதைக் கண்டித்தது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஓடியிருக்கிறது. சட்டம் ஒருமுறை மாறியும் இருக்கிறது. தடையுத்தரவு தானாக வார்டுக்குள் நடந்து போவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொருவர் பெயரிலும் யாராவது ஒருவர் கேள்வி கேட்டால்தான் அது போகும்.

முதல் கேள்வி: எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறீர்கள்?

மருத்துவமனைக்குப் போனதும் பெரும்பாலோர் கேட்பது ‘எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?’ என்பதைத்தான். அதற்கு ‘டாக்டர்தான் சொல்ல வேண்டும்’ என்ற பதிலே கிடைக்கும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: ‘எந்தப் பிரிவின் கீழ், எந்தத் தேதியில் சேர்த்திருக்கிறீர்கள்?’ இதற்கு மருத்துவமனை பதில் சொல்லியே ஆக வேண்டும். எந்தச் சட்டப்பிரிவில், எந்தக் காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டார், என்ன சிகிச்சை, அதன் பக்கவிளைவுகள் என்ன, மறுஆய்வு கேட்கும் உரிமை எப்படி என்பதையெல்லாம் நோயாளிக்கும், சட்டப்படி அவர் சார்பில் செயல்படும் நியமனப் பிரதிநிதிக்கும் அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 22. சேர்க்கும் வேளையில் புரிந்துகொள்ளும் நிலையில் நோயாளி இல்லையென்றால், தெளிந்த பிறகு சொல்ல வேண்டும்.

பதிலைப் பொறுத்து அடுத்த அடி மாறும். பிரிவு 86 என்றால் அவர் தன் விருப்பத்தால் சேர்ந்தவர். அவருடைய சம்மதமில்லாமல் சிகிச்சை தர முடியாது. ‘போகிறேன்’ என்றால் விட வேண்டும். அவருடைய நிலை கவலைக்குரியது என்று மனநல வல்லுநர் கருதினால் அதிகபட்சம் 24 மணி நேரம் நிறுத்திவைத்து, கட்டாயச் சேர்க்கைக்குத் தகுதி இருக்கிறதா என்று சோதிக்கலாம். அதற்கு மேல் இல்லை. பிரிவு 89 என்றால் ஆதரவுடன் கூடிய சேர்க்கை. நடைமுறையில் நாம் கட்டாயச் சேர்க்கை என்று சொல்வது இதைத்தான். இதற்கு நியமனப் பிரதிநிதியின் விண்ணப்பம் வேண்டும். ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். தனக்குத் தீங்கு செய்துகொள்ளும் ஆபத்து, பிறரைத் தாக்கும் ஆபத்து, தன்னையே கவனித்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் சிக்கும் நிலை ஆகிய மூன்றில் ஏதாவதொன்று அண்மையில் வெளிப்பட்டிருக்க வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். உச்ச வரம்பு 30 நாள்.

அந்த 30 நாளுக்குள்ளும் சில தேதிகள் இருக்கின்றன. பெண்களையும் 18 வயது நிறையாதவர்களையும் சேர்த்தால் 3 நாளுக்குள்ளும், மற்றவர்களைச் சேர்த்தால் 7 நாளுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மருத்துவமனையே தெரிவிக்க வேண்டும். சிகிச்சையைத் தானே முடிவு செய்யும் திறன் நோயாளிக்குத் திரும்பிவிட்டதா என்று 7 நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். 30 நாள் முடிந்தும் வைத்திருக்க வேண்டுமானால் பிரிவு 90க்கு மாற வேண்டும். அதற்கு இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும்; வாரியத்தின் அனுமதியும் வேண்டும். முதலில் 90 நாள், பிறகு 120 நாள், அதன்பின் 180 நாள் வீதம்தான் நீட்டிக்கலாம். 30ஆம் நாள் காகிதத்தில் டிஸ்சார்ஜ் காட்டிவிட்டு மறுநாள் புதிதாகச் சேர்த்ததாக எழுதி எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குவதும் செல்லாது. 7 நாளுக்குள் திரும்பச் சேர்த்தால் அது பிரிவு 90இன் கீழ்தான் கருதப்பட வேண்டும். அவசர சிகிச்சை என்று சொன்னால் அது பிரிவு 94. பொதுவாக 72 மணி நேரம்தான் அதன் ஆயுள். அந்த அவசரத்தைக் காட்டி ஷாக் சிகிச்சை கொடுக்க முடியாது.

பழைய சட்டத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தேதிகளின் மதிப்பு புரியும். 1987 சட்டத்தில் உறவினர் விண்ணப்பமும் இரண்டு மருத்துவச் சான்றிதழ்களும் இருந்தால் ஒருவரை 90 நாள் வரை வைத்திருக்க முடிந்தது. வெளியே வர வேண்டுமென்றால் யாராவது மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டும். அடைபட்டவர்தான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இப்போது தட்டும் பொறுப்பைச் சட்டம் அடைத்தவர் பக்கம் மாற்றியிருக்கிறது. ஆகவே ஒரு நாட்குறிப்பு வாங்கிச் சேர்க்கை நாளை முதல் பக்கத்தில் எழுதி 3, 7, 14, 21, 30 என்று தேதிகளை வட்டமிட்டு வையுங்கள். ஒவ்வொரு தேதியிலும் ‘வாரியத்துக்குத் தெரிவித்தாயிற்றா? திறன் மதிப்பீடு நடந்ததா? கேஸ் ஷீட்டில் பதிவாகியிருக்கிறதா?’ என்று பணிவோடு கேளுங்கள். மதுப் பழக்கத்தை விடுவிக்கும் மறுவாழ்வு மையங்களுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புள்ள மனநிலைகளும் இச்சட்டத்தின் வரையறைக்குள் வருகின்றன. வீட்டு வாசலுக்கு வேன் அனுப்பி ஆளைத் தூக்கிப்போகும் மையம், எந்தப் பிரிவில் அதைச் செய்கிறது என்பதைச் சொல்லத் திணறும்.

சம்மதிக்கும் திறன்: நோயின் பெயரால் அது போய்விடாது

நோயாளிக்காகப் பேசுபவர் அடிக்கடி கேட்கும் பதில் ‘அவருக்கு ஸ்கிசோஃப்ரினியா, அவர் எப்படி முடிவெடுப்பார்?’ என்பது. பிரிவு 4 இந்தக் குறுக்குவழியை அடைக்கிறது. சொல்லப்படும் தகவலைப் புரிந்துகொள்கிறாரா, முடிவின் விளைவுகளை ஓரளவு உணர்கிறாரா, தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியாலோ தெரிவிக்கிறாரா என்பவைதான் அதன் அளவுகோல். மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றும் முடிவை எடுத்தார் என்பதாலேயே திறனில்லாதவர் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன்னை வேவு பார்ப்பதாக நம்பும் ஒருவர், ‘இந்த மாத்திரை சாப்பிட்டால் நாள் முழுக்கத் தூக்கம் வருகிறது, அளவைக் குறையுங்கள்’ என்று தெளிவாகக் கேட்கக்கூடும். முதல் நம்பிக்கை பிழையானது என்பது இரண்டாவது கோரிக்கையைப் பிழையாக்கிவிடாது.

ஆகையால் ‘திறன் இல்லை’ என்று சொல்லப்படும்போது, யார், எந்தத் தேதியில், என்ன கேட்டு அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதைக் கேஸ் ஷீட்டில் காட்டும்படி கேளுங்கள். அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைப் பிரிவு 25 நோயாளிக்குத் தருகிறது. அவருக்குக் கடுமையான மனத்தீங்கோ பிறருக்கு ஆபத்தோ நேரும் என்று கருதினால் குறிப்பிட்ட சில தகவல்களை மட்டும் மருத்துவர் நிறுத்திவைக்கலாம். அப்போதும் வாரியத்திடம் முறையிடலாம் என்பதை நோயாளிக்குச் சொல்ல வேண்டும்.

வார்டுக்குள் எதைப் பார்ப்பது, எப்படிக் குறிப்பது

பார்க்கப் போகும்போது பழங்களோடு கூர்ந்த கண்ணையும் கொண்டுபோக வேண்டும். பிரிவு 20 சொல்வதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள்: சுத்தமான கழிப்பறை, போதிய உணவு, மறைவுக்கு வழி, மாதவிடாய்க் காலத்துக்குத் தேவையான பொருள்கள், வலுக்கட்டாயமாகத் தலையை மொட்டையடிக்காமை, விரும்பினால் சொந்த உடையை அணியும் சுதந்திரம், கட்டாய வேலை வாங்காமை, செய்த வேலைக்குக் கூலி. மொட்டையும் சீருடையும் நிர்வாக வசதிக்காக வந்தவை; பேன் தொல்லை, துணி மாறிப்போதல் என்று அவற்றுக்குக் காரணமும் சொல்வார்கள். பேனுக்கு மருந்து இருக்கிறது, துணியில் பெயர் தைக்கலாம் என்பதே பதில். பிரிவு 26 தொடர்பு பற்றியது. வருகையாளரைச் சந்திக்கவும், நியாயமான நேரங்களில் போனில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. நீதிபதி, வாரிய உறுப்பினர், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர், தன் வழக்கறிஞர், நியமனப் பிரதிநிதி ஆகியோரோடு கொள்ளும் தொடர்பை எந்தச் சூழ்நிலையிலும் தடுக்க முடியாது.

மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியவை கட்டிவைத்தலும் ஷாக் சிகிச்சையும். பிரிவு 97 தனி அறையில் அடைப்பதை அறவே தடுக்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை, உடனடி ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் ஏற்கிறது. ஏன் கட்டினார்கள், எவ்வளவு நேரம் என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும். நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மாதந்தோறும் வாரியத்துக்கு அறிக்கை போக வேண்டும். ஷாக் சிகிச்சையைப் பொறுத்தவரை, மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் கொடுப்பதைப் பிரிவு 95 தடைசெய்கிறது. 18 வயதுக்குட்பட்டோருக்குக் காப்பாளரின் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் இல்லாமல் கொடுக்க முடியாது. கடுமையான மனச்சோர்வில் இந்தச் சிகிச்சை உயிர் காக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கேட்க வேண்டியது அந்தச் சிகிச்சையே கூடாது என்பதை அல்ல. சம்மதப் படிவம் எங்கே, மயக்க மருத்துவரின் குறிப்பு எங்கே என்பதைத்தான்.

பார்த்ததை அன்றைக்கே எழுதிவிடுங்கள். தேதி, நேரம், வார்டு, நோயாளி சொன்னது, நீங்கள் கண்டது ஆகிய ஐந்தும் தனித்தனியாக இருக்கட்டும். கேட்டதையும் கண்டதையும் கலந்து எழுதினால், இரண்டில் ஒன்று தவறும்போது இரண்டுமே தள்ளுபடியாகும். கட்டிய தழும்பு என்று எழுதுவதைவிட ‘வலது மணிக்கட்டைச் சுற்றி விரல் அகலத்துக்குச் சிவந்த தடம்’ என்று எழுதுவது வலுவானது. செல்போனில் படமெடுத்து வெளியிடும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ள வேண்டும். நோயாளியின் சம்மதமில்லாமல் அவருடைய படத்தையோ விவரத்தையோ ஊடகத்துக்குத் தருவதைப் பிரிவு 24 தடுக்கிறது. அதைவிடப் பெரிய காரணமும் உண்டு: காணொளி நாலு நாளில் மறக்கப்படும், அந்த முகத்தை ஊர் மறக்காது. பிறகு வேலைக்கும் திருமணத்துக்கும் அவர்தான் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும்.

முறையீட்டின் படிகள்

பிரிவு 28 காட்டும் வழி மூன்று படிகள் கொண்டது: பொறுப்பு மருத்துவ அலுவலர், அடுத்து மறுஆய்வு வாரியம், அதற்கடுத்து மாநில மனநல ஆணையம். முதல் படியைத் தாண்டிக் குதித்தால் ‘எங்களிடம் சொல்லவே இல்லையே’ என்ற பதில் தயாராக இருக்கும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நோயாளியின் பெயர், உள்நோயாளி எண், சேர்க்கை நாள், சட்டப்பிரிவு, நடந்தது, மீறப்பட்ட பிரிவு, கேட்கும் தீர்வு, பதில் எதிர்பார்க்கும் நாள் என்ற வரிசை போதும். ‘இரக்கமற்ற முறையில் நடத்துகிறார்கள்’ என்பதற்குப் பதிலாக, ‘12ஆம் தேதி இரவு கட்டிவைத்ததற்கான பிரிவு 97 பதிவின் நகலைத் தர வேண்டுகிறேன்’ என்று எழுதினால், இல்லை என்பதற்கும் எழுத்திலேயே பதில் தர வேண்டியிருக்கும். நகலில் முத்திரையோடு ஒப்புகை பெறுங்கள். மறுத்தால் ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள்.

வாரியத்தில் மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைவர். ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், ஒரு மருத்துவர், இவர்களோடு நோயாளிகள், பராமரிப்பாளர்கள் அல்லது அவர்களுக்கான அமைப்புகள் சார்பில் இருவர் என்று ஆறு பேர். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. ஆதரவுடன் கூடிய சேர்க்கையை எதிர்க்கும் விண்ணப்பத்தை 7 நாளில் முடிக்க வேண்டும். வாரியத்தின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். பிரிவு 27 இலவசச் சட்ட உதவியை உறுதிசெய்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். அரசு மருத்துவமனை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ தொடும் தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற அச்சட்டத்தின் விதி, அடைத்து வைக்கப்பட்டவரின் சேர்க்கை ஆவணத்துக்கு நேராகப் பொருந்தக்கூடியது.

யாருடைய குரல்?

இந்த வேலையில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. நோயாளிக்காகப் பேசத் தொடங்குபவர், கொஞ்ச நாளில் நோயாளிக்குப் பதிலாகப் பேசத் தொடங்கிவிடுகிறார். குடும்பத்தாருக்கு இது மிக எளிதில் நேரும். ‘அவனுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியாதா?’ என்ற அம்மாவின் கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆனால் மருத்துவமனையும் அதே கேள்வியைக் கேட்டுத்தான் அவன் வாயை அடைக்கிறது. நியமனப் பிரதிநிதியின் கடமைகளில் முதலாவதாக, நோயாளியின் இப்போதைய விருப்பத்தையும் முந்தைய விருப்பத்தையும் அவருடைய மதிப்பீடுகளையும் கணக்கில் கொள்வதை வைக்கிறது பிரிவு 17. இங்கிலாந்தில் 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தை 2007இல் திருத்தி, மருத்துவமனையையும் குடும்பத்தையும் சாராத தனிப் பேச்சாளர்களைச் சட்டத்தின் மூலமே ஏற்படுத்தினார்கள். நம் சட்டத்தில் அப்படியொரு பதவி இல்லாததால், குடும்பத்தினரே பல வேளைகளில் இரண்டு வேடங்களையும் போட வேண்டியிருக்கிறது. அப்போது ஓர் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள்: ‘அவர் கேட்பது இது, என் கருத்து இது’ என்று இரண்டையும் வெவ்வேறாகச் சொல்லுங்கள், எழுதுங்கள். இரண்டும் மோதினால் பேசும் பொறுப்பை ஒரு வழக்கறிஞரிடமோ நண்பரிடமோ விடுவது நல்லது.

எதிர்வாதங்கள்

உரிமை பேசுவது சிகிச்சையைக் கெடுக்கும் என்பது முதல் எதிர்வாதம். தனக்கு நோயே இல்லை என்பவரிடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தால், வீட்டில் இருப்பவர்கள் அடிபட்டுச் சாக வேண்டியதுதானா என்று பராமரிப்பாளர்கள் கேட்கிறார்கள். இரவெல்லாம் விழித்திருந்தவர்களின் கேள்வி இது. லேசாகத் தள்ளக் கூடாது. ஆனால் சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. ஆபத்து இருந்தால் சம்மதமின்றியும் சேர்க்க 89 இருக்கிறது, அவசரத்துக்கு 94 இருக்கிறது. சட்டம் கூடுதலாகக் கேட்பது, ஆபத்து என்னவென்று எழுதுங்கள், அது தீர்ந்ததா என்று திரும்பப் பாருங்கள் என்பதை மட்டுமே. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, வெவ்வேறு மனநோய்களில் சிகிச்சை எட்டாதவர்கள் 70 முதல் 92 சதவீதம். இச்சட்டம் வருவதற்கு முந்தைய கணக்கு இது. ஆக, இத்தனை பேர் சிகிச்சைக்கு வெளியே நின்றதற்கு உரிமைகளைக் குற்றம் சொல்ல முடியாது. ஒருமுறை கட்டிவைக்கப்பட்டவர் அடுத்த முறை மருத்துவமனைப் பக்கமே வர மறுப்பார் என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்பது இரண்டாவது. இரவு ஷிஃப்டில் ஒரே செவிலியர், ஐம்பது நோயாளிகள் என்றால் அவர் என்ன செய்வார்? இது உண்மையான நெருக்கடி. இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துத்தான், ஊழியர் குறைவை மட்டும் காரணமாக்கிக் கட்டிவைக்கக் கூடாது என்று பிரிவு 97 சொல்கிறது. பற்றாக்குறையின் சுமையை நோயாளியின் மணிக்கட்டில் ஏற்றக் கூடாது என்பது அதன் பொருள். கட்டிய ஒவ்வொரு தடவையும் நேர்மையாகப் பதிவானால், கூடுதல் செவிலியர் கேட்கும் கண்காணிப்பாளருக்கு அந்தப் பதிவேடே பலமான ஆதாரமாகும். எழுதாமல் மறைத்தால் பற்றாக்குறையும் மறைந்துபோகும்.

புகார் செய்தால் உள்ளே இருப்பவர்தான் அனுபவிப்பார் என்பது மூன்றாவது, மிக வலிக்கும் எதிர்வாதம். இந்த அச்சம் கற்பனையில்லை. அதனால்தான் நோயாளியைக் கேட்காமல் அவர் பெயரில் புகார் கொடுக்கக் கூடாது. அவர் ‘இப்போது வேண்டாம்’ என்றால் குறிப்புகளைப் பத்திரப்படுத்திவிட்டு டிஸ்சார்ஜ் வரை காத்திருக்கலாம். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் மட்டும் கணக்கு மாறும். மற்றபடி, தனி ஊழியரைத் தாக்காமல் நடைமுறையைக் கேட்கும் கடிதம் பகையை வளர்ப்பதில்லை. யாரும் வந்து பார்க்காதவரைவிட, வாரம் இருமுறை ஆள் வந்து பார்க்கிற, பெயரில் கடிதப் போக்குவரத்து உள்ள நோயாளியிடம் கைநீட்டத் தயங்குவார்கள்.

வாரியங்கள் ஒழுங்காக இயங்காத இடத்தில் இதெல்லாம் வெறும் காகிதம்தானே என்பது நான்காவது. பல மாநிலங்களில் வாரியங்கள் அமைவதே தாமதமானது உண்மை. ஆனால் வாரியத்துக்கு அனுப்பிப் பதில் வராத விண்ணப்பம் வீணாவதில்லை. உயர் நீதிமன்றத்திலும் மாநில மனித உரிமை ஆணையத்திலும் ‘எல்லாப் படியும் ஏறினோம், கதவு திறக்கவில்லை’ என்று காட்டும் சான்று அது. யாருமே விண்ணப்பிக்காத மாவட்டத்தில், வாரியம் தேவையில்லை என்று அரசு சொல்வதும் எளிதாகிவிடும்.

வெளியே வரும் நாளும் அதற்கு முந்தைய வேலையும்

43 அரசு மனநல மருத்துவமனைகளில் நடந்து 2019இல் வெளியான ஹான்ஸ் ஃபவுண்டேஷன் ஆய்வு, உள்ளிருப்பவர்களில் 36.25 சதவீதம் பேர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே இருப்பதைக் காட்டியது. அவர்களில் பலருக்கு இனி தேவைப்படுவது மருத்துவமனைப் படுக்கை அல்ல, ஒரு முகவரி. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று பிரிவு 19 சொல்கிறது. கைவிடப்பட்டவர் குடும்ப வீட்டில் வாழும் உரிமையைப் பெற உதவுவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. ‘அனுப்பினால் எங்கே போவார்?’ என்ற கேள்விக்குச் சென்னையிலேயே பதில் உண்டு. 1993இல் தொடங்கிய பான்யன் அமைப்பின் ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தில், நீண்டகாலம் உள்ளே இருந்தவர்கள் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் நாலைந்து பேராக, உதவியாளர் துணையோடு வாழ்கிறார்கள். ஆகவே சேர்க்கை நடந்த முதல் வாரத்திலேயே, பிரிவு 98 சொல்லும் டிஸ்சார்ஜ் திட்டத்தைக் கேட்கத் தொடங்குங்கள்: எங்கே தங்குவார், மாத்திரை எங்கே கிடைக்கும், அடுத்த ஓபி எப்போது, வேலை என்ன?

இத்தனை காகிதங்களிலும் மிக வலிமையானது நோயாளியே எழுதியது. உடல்நலம் சீராக இருக்கும் காலத்தில், யாரைத் தன் நியமனப் பிரதிநிதியாக வைக்க விரும்புகிறார் என்பதை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ இடலாம் என்கிறது பிரிவு 14. எப்போது வேண்டுமானாலும் மாற்றவும் செய்யலாம். எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற முன்னறிவுறுத்தலை எழுதிவைக்கப் பிரிவு 5 இடம் தருகிறது. அவசர சிகிச்சைக்கு அது பொருந்தாது. காரணம் இருந்தால் வாரியம் அதை மாற்றவும் முடியும். ஆனாலும் ‘சென்ற முறை இந்த ஊசி போட்டபோது கழுத்து இழுத்துக்கொண்டது’, ‘என் அண்ணனிடம் தகவல் சொல்ல வேண்டாம், தோழியிடம் சொல்லுங்கள்’ என்பவை நல்ல நிலையில் எழுதப்பட்டிருந்தால், நோயின் பிதற்றல் என்று எவரும் ஒதுக்க முடியாது. டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம் கழித்து, மனம் அமைதியாக இருக்கும் ஒரு நாளில், அவரோடு உட்கார்ந்து இந்த இரண்டு தாள்களையும் எழுதுங்கள். சொற்கள் அவருடையவையாகவே இருக்கட்டும். நீங்கள் எழுத்துப்பிழையை மட்டும் பாருங்கள். அடுத்த முறை அவருக்காகப் பேச நீங்கள் போகும்போது, என்ன பேச வேண்டும் என்பதை அவரே முன்பே முடிவு செய்து கொடுத்திருப்பார்.